எல்லாப் போர்டுக்கும் ஒரு சிடி

பாம்பன் பக்கத்திலிருந்து பழுதுக்கு வரும் மதர்போர்டுகளில் உப்பு பூத்திருக்கும். தடவினால் விரலில் வெள்ளையாக ஒட்டும். ராமநாதபுரத்தில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் கடையில் அவற்றைப் பிரித்துப் பார்ப்பவர் சர்வீஸ் அண்ணன். தங்கச்சிமடத்து மீன்பிடிக் குடும்பம். "உப்புக்காத்து எதையும் விட்டுவைக்காது தாயி" என்று சொல்லிக்கொண்டே பிரஷ்ஷால் தட்டுவார்.

இன்றைய கம்ப்யூட்டர்கள் தமக்கு வேண்டியதைத் தாமே தேடி எடுத்துக்கொள்கின்றன. அன்று அப்படி இல்லை. பாம்பன் தீவில் போர்டு சீக்கிரம் செத்துவிடும், ஹார்டு டிஸ்க் பிழைத்திருக்கும். அதே போர்டு மறுபடி கிடைக்காது. வேறு வகைச் சில்லுகள், அதாவது வேறு சிப்செட், உள்ள போர்டில் அந்த டிஸ்க்கை மாட்டினால் திரை நீலமாகி நின்றுவிடும், ஏனென்றால் அதிலிருக்கும் டிரைவர் என்ற இயக்கு மென்பொருள் பழைய போர்டுக்கு உரியது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டும். ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணப் படங்கள் போய்விடுமே என்று கடையிலேயே உட்கார்ந்து புலம்புவார்கள்.

அண்ணன் அதற்கு ஒரு வழி கண்டார். கிடைத்த சிப்செட் டிரைவர்களையெல்லாம் ஒரே சிடியில் சேர்த்தார். அதைப் போட்டால் டிஸ்க் முதலில் பொதுவான ஒரு டிரைவரில் எழுந்துகொள்ளும், பிறகு எந்தப் போர்டு என்று பார்த்துத் தனக்கானதை எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் சாப்பாட்டு நேரத்திலும் இதே வேலையாக இருந்தார். ஒரு புதுப் போர்டு நீலமாகாமல் எழுந்துவிட்டால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். எனக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியும்.

சிடி சரியாக ஓடத் தொடங்கியதும் முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கோபமாகக்கூட இல்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார். "அதான் எல்லாம் சிடியிலயே இருக்குல்லப்பா. இனி யாரு போட்டாலும் ஓடும். ஒன்னய வச்சு நான் என்ன செய்ய?" அண்ணன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

பின்னால் வேறு வகைச் சிப்செட்டோடு புதுப் போர்டுகள் வந்தன. அவற்றில் சிடி எடுபடவில்லை. அண்ணன் தனக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று முதலாளிக்குத் தெரியும், அதனால் என்னை அனுப்பினார். தங்கச்சிமடத்தில் அண்ணன் ஐஸ் கம்பெனியில் வேலையாக இருந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். எந்தப் போர்டு, எந்த இடத்தில் நிற்கிறது என்று ஆசையாகக் கேட்டார். சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

"என்னயக் கூட்டியாரச் சொன்னாரா, கேட்டுட்டு வரச் சொன்னாரா?"

"கேட்டுட்டு வரச் சொன்னாருண்ணே."

ஐஸ் கட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். "பஸ்ஸு வந்துரும் தாயி, கெளம்பு" என்றார்.

முதலாளி கடைசியில் மதுரையிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். அண்ணனுக்குக் கொடுத்ததைவிட அதிகச் சம்பளம். வந்தவர் அந்தச் சிடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு பொறுமையாக இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

"கடையில செஞ்சது" என்றார் முதலாளி.