டர்வுட்டின் வெள்ளைக் குழாய்

வெர்லீன் எதற்கும் மூக்கைப் பொத்துகிறவள் அல்ல. கல்யாணமான மறு வருஷம் தொடங்கி முழங்கால் தேயும் வரைக்கும் கோழி ஆலையில் குடல் உருவும் வரிசையில் நின்றவள். மத்தியான மணி அடித்தால் கையைக் கழுவிவிட்டு அங்கேயே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து கோழி சாண்ட்விச்சைப் பிரித்துத் தின்பாள். அவளுடைய அம்மா வழி ப்ரூயிட் ஆட்கள் எல்லோரும் அந்த ரகம்தான். அவளுடைய பெரிய மாமன் எர்ஸ்கின் பன்றித் தொழுவத்துக்குள்ளேயே நாற்காலி போட்டுக் காலைச் சாப்பாட்டை முடிப்பார். அப்பேர்ப்பட்ட குடும்பத்தில் பிறந்தவளுக்கே வயிற்றைப் புரட்டிய ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவன் அவளுடைய கொழுந்தன் டர்வுட்.

டாலிவர் ஏரிக்கரையில் ஜூலை மாதம் ஒரு வாரம் குடும்பத்தோடு தங்குவது அவர்கள் வழக்கம். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த கேம்பர் வண்டிகளைப் பிக்கப் லாரியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். யார் எந்த மரத்தடியில், யார் மீன் பொரிப்பது, யார் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவருவது, கூடவே வரும் சர்ச் பாஸ்டர் கண்ணில் படாமல் பீர் பெட்டியை எங்கே ஒளிப்பது என்று சகலமும் வெர்லீன் திட்டம்தான். இடம் பதிகிற நாளில் விடியுமுன் எழுந்து போனும் கையுமாக உட்காருகிறவளும் அவள்தான். மற்றவர்கள் குறட்டை விடுவார்கள்.

அந்த ஏரிக்கும் அவளுக்கும் உறவு உண்டு. அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது முழுகியது அவளுடைய அப்பாவின் வீடும் சோளக்கொல்லையும். அவளும் அக்கா நடீனும் கரையில் நின்று, "அதோ அந்தப் படகு நம்ம அடுப்படி மேல போகுதுடி" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நின்று மூன்று கோடை ஆகிறது. நிறுத்தியவன் டர்வுட்.

நடந்தது இதுதான். கேம்பரின் கக்கூஸ் தொட்டியைக் கறுப்புத் தொட்டி என்று கௌரவமாகச் சொல்வார்கள். அதன் அடைப்பானை மூடியே வைத்திருக்க வேண்டும். நிறைந்த பிறகு திறந்தால் எல்லாம் ஒரே அடியாகப் போய்விடும். டர்வுட் வந்த நாளிலேயே திறந்து போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனான். தண்ணீர் மட்டும் சாக்கடையில் வடிந்து, மற்றது உள்ளே மலையாகக் குவிந்து இறுகியது. கிளம்புவதற்கு முந்தின நாள் அதை உடைக்க அவன் எடுத்தது, தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் வெள்ளைக் குழாய். ஏரிக்கரைக்குப் போகிற எந்தக் குழந்தைக்கும் தெரியும், வெள்ளைக் குழாய் குடிதண்ணீருக்கு மட்டும் என்று. அதைத் தொட்டிக்குள் விட்டுக் குத்திக் குடைந்து, உதறிவிட்டு, பழையபடி குடிதண்ணீர்க் குழாயில் மாட்டிவிட்டான். சாயங்காலம் நடீன் அதில் பெரிய பானை நிறையப் பிடித்து, சர்க்கரை அள்ளிப் போட்டு, ஐஸ் டீ கலந்தாள். எல்லோரும் குடித்தார்கள். நடீன் மூன்று தம்ளர் குடித்தாள். பிறகு டர்வுட் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

நடீன் அன்றைக்கே மூட்டை கட்டினாள். "அவன் இருக்கிற கரையில இனிமே என் கால் படாது" என்றாள். படவில்லை.

இந்த ஜனவரியில் நடீன் போன் செய்தாள். வருகிற இலையுதிர் காலத்தில் அரிசோனாவில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விடப் போகிறாளாம். "ஏரியை இன்னொரு தடவை பார்க்கணும்னு இருக்குடி வெர்லீ. அவன் இல்லேன்னா வர்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெர்லீன் வீட்டில் சாப்பாடு. மேசையில் ஹாம், பீன்ஸ், சோள ரொட்டி, நடுவில் வாழைப்பழ புட்டிங். உட்கார்ந்திருந்தது அவளுடைய கணவர் ராய்ஸ், அவர் தம்பி டர்வுட், டர்வுட் பெண்டாட்டி கிளெட்டா.

டர்வுட் பரிமாறும் கரண்டியை நாக்கால் வழித்துவிட்டு மறுபடி புட்டிங்கிலேயே செருகினான். "அண்ணி, ஜூலைக்கு உங்க பக்கத்து இடம்தான் எனக்கு. தண்ணி ஓரமா பாத்துப் போட்டுடுங்க."

"இந்த வருஷம் நடீன் வரணும்னு பாக்கறேன்."

"அட, டீக்கார அக்காவா! வரச் சொல்லுங்க. ஒரு பானை போடச் சொல்லுவோம்."

"அவகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டியா நீ?"

"எதுக்கு அண்ணி? செத்தா போனாங்க யாராச்சும்? நம்ம பாஸ்டர் ரெண்டு தம்ளர் குடிச்சாரு. மறு வாரம் அவர் பிரசங்கத்துல என்னா காரம்!"

கிளெட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெர்லீன் முகத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். ராய்ஸ் ரொட்டியைப் பிட்டபடி, "விடு வெர்லீ. ரத்த சொந்தத்தை வராதேன்னா சொல்ல முடியும்?" என்றார்.

"அந்தக் குழாயையாவது தூக்கிப் போட்டியா?" என்று கேட்டாள் வெர்லீன்.

"நல்ல குழாயை யாராவது போடுவாங்களா? ப்ளீச் ஊத்திக் கழுவி வெச்சிருக்கேன். இருங்க, காட்டறேன்."

அவனுடைய கேம்பர் குளிர்காலம் முழுக்க வெர்லீன் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கும். எழுந்து போனவன் வெள்ளைக் குழாயைச் சுருளாகத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, ஹாமுக்கும் புட்டிங்குக்கும் நடுவில் பொத்தென்று வைத்தான்.

"மோந்து பாருங்க. ரோஜாப்பூ தோத்துடும்."

யாரும் குனியவில்லை. "நம்பலையா? இந்தா!" என்று ஒரு முனையை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதினான். மறுமுனை கொடகொடவென்றது. கறுப்பும் பழுப்புமாக ஒரு சாறு சோள ரொட்டி மேல் சொட்டியது. கூடவே என்னவோ ஒரு துணுக்கு விழுந்தது.

டர்வுட் வாயிலிருந்து குழாயை எடுத்தான். "அது... துரு, அண்ணி."

"பிளாஸ்டிக் எங்கய்யா துருப் பிடிக்கும்?" என்றாள் கிளெட்டா.

அத்தனை வருஷம் கோழிக் குடலை உருவின கைகள், இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றன. வெர்லீன் மேசை விரிப்பின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்தாள். ஹாம், ரொட்டி, புட்டிங், குழாய் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொண்டுபோய் வெளியே குப்பைத் தொட்டியில் தள்ளினாள். ராய்ஸின் முள்கரண்டி மட்டும் அவர் கையில் மிஞ்சியது.

மறுநாள் விடியுமுன் பதிவு திறந்தது. வெர்லீன் ஒரே ஒரு இடம் பதிந்தாள். ஏரியின் அந்தப் பக்கம், கேம்பர் நுழைய வழியே இல்லாத மரக்குடில். பதிந்த கையோடு அக்காவைக் கூப்பிட்டாள்.

"அவன் இருக்கிற கரைன்னுதானே சொன்னே? இது வேற கரை."

நடீன் முதலில் கேட்டது: "தண்ணி?"

"கடை பாட்டில். மூடியை நீயே உன் கையால திற."

"ஜூலையில காத்து எங்கேருந்து அடிக்கும்டி?"

"நம்ம பக்கத்துலேருந்து அவன் பக்கத்துக்கு."

"அப்ப என் பேரைப் போட்டுக்கோ."

ராய்ஸ் காப்பியோடு வந்து, "நான் எங்க படுக்கிறது?" என்று கேட்டார்.

"ரத்த சொந்தத்தோட" என்றாள் வெர்லீன், மேசையை மூன்றாம் தடவையாகத் தேய்த்துக்கொண்டே.

மத்தியானம் கிளெட்டா போன் செய்தாள். டர்வுட் தூங்கி எழுந்து பதியப் போனபோது தண்ணீர் ஓரத்து இடமெல்லாம் தீர்ந்துவிட்டதாம். மிஞ்சியது ஒன்றுதான்: ஊரார் எல்லோரும் தங்கள் கறுப்புத் தொட்டியைக் கொண்டுவந்து கவிழ்க்கும் குழிக்குப் பக்கத்து இடம். அதைப் பதிந்துவிட்டு, நல்ல வசதி என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.

கிளெட்டா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா... அந்தக் குடில்ல மூணாவது கட்டில் இருக்கா?"

"இருக்கு. குளிச்சிட்டு வா."