குங்குமப் பொட்டும் சிவப்புக் கோடும்

திருப்பதியில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள், குவைத் போகவிருந்த பாலசமுத்திரத்துக்காரர் ஒருவர், என் அப்பா வயதிருக்கும், சான்றிதழோடு வந்தார். நான் எடுத்த கலர் ஜெராக்ஸில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

"உங்க பேப்பர்தான் அழுக்கா கீது. தொடச்சி எடுத்துக்கினு வாங்க" என்று எரிந்து விழுந்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் துடைத்துக் கொண்டுவந்தார். மறுபடியும் அதே கோடு.

"எவ்ளோ தொடச்சாலும் போவலம்மா" என்று தயங்கியபடி திரும்பவும் வாங்கிக்கொண்டு போனார்.

சந்தேகம் வந்து ஒரு வெள்ளைத் தாளை ஜெராக்ஸ் மெஷினில் ஓட்டினேன். அதிலும் கோடு. மூடியைத் திறந்தால், தாள் உரசிப் போகும் குறுகலான கண்ணாடிப் பட்டையில், பூஜையன்று நானே வைத்த குங்குமப் பொட்டு.

வெட்கத்தோடு திரும்பினேன். ஒரு கறையும் இல்லாத அந்தச் சான்றிதழை அவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சந்தாம்மா, பூடும்" என்றார்.

இப்போது மெஷினின் வெளிப்பக்கத்தில் மட்டுமே பொட்டு வைக்கிறேன். நகல் சரியில்லை என்றால் முதலில் வெள்ளைத் தாள்; அதற்குப் பிறகுதான் எதிரில் இருப்பவரிடம் வாயைத் திறக்கிறேன்.