பெல்ட்டுக்குப் பலகை வந்த கதை

புழுங்கல் நெல் வேகிற வாசனை... கூடவே மெஷினைச் சுழற்றும் தோல் பெல்ட் சூடேறிய நாற்றம். சித்தூரில் ஒரு ரைஸ் மில். எனக்குப் பதினேழு வயது.

எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்று இழுபறி நடந்த காலம். எல்லை எங்கே விழும் என்று தெரியாததால், மில்லில் எல்லாரும் வாய்க்கு எல்லை போட்டுக்கொண்டார்கள்.

மெஷின்காரர் முனிரத்தினம் மட்டும் போடவில்லை. பெல்ட் திறந்தே ஓடுகிறது, யார் கையையாவது இழுத்துவிடும், பலகை அடித்து மறைக்க வேண்டும் என்று மதியம் சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார். மறுநாளே முதலாளி அவரைக் களத்துக்கு விரட்டினார், வெயிலில் நெல் கிளற. மெஷினுக்கு என்னை நிறுத்தினார்.

இப்போது பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என் கை.

சாப்பிடும்போது கூட இருந்தவர்கள் மூன்று பேர். என்ஜின் டிரைவர் தேவசகாயம், எடை போடும் சுப்பராயுடு, நெல் அவிக்கும் காந்தம்மா. போட்டுக் கொடுத்தது யார்?

ஆளுக்கொரு புளுகு விட்டேன். தேவசகாயத்திடம், எனக்கு வேலூர் மில்லில் வேலை. சுப்பராயுடுவிடம், மெட்ராஸ் போலீசில் சேரப்போகிறேன். காந்தம்மாவிடம், காளஹஸ்தியில் பெண் பார்த்தாயிற்று. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தாளிப்பு வேறு.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார்.

“ஏமிரா, வேலூரு மில்லா, மெட்ராஸ் போலீசா, காளஹஸ்தி மாப்ளையா? எதுனா ஒண்ணு சொல்லுரா.”

சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது... மூன்று பேருமா!

காந்தம்மாவிடம் கேட்டேவிட்டேன். அடுப்பில் உமியைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்:

“நான் சொல்லலன்னா அவங்க சொல்லிடுவாங்க நைனா. நாளைக்கு ஊரு எந்தப் பக்கம் போவுதோ... மொதல்ல சொன்னவங்கள தான வேலைல வெச்சிக்கினு இருப்பான்?”

மூன்று வாயும் முதலாளி காதுக்குப் போகிற குழாய் என்றால், அதில் நானும் கொஞ்சம் தண்ணீர் விடலாமே. மற்ற இரண்டு பேரும் பெல்ட் விஷயமாக ஃபேக்டரி இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கிசுகிசுத்தேன்.

அந்த வாரமே தச்சர் வந்தார். பெல்ட்டுக்குப் பலகை! ஒருவரும் வாய் திறந்து கேட்காத பலகை.

என் கை பிழைத்தது. முனிரத்தினம் களத்திலேயே காய்ந்தார். அவரைத் திரும்ப மெஷினுக்குக் கேட்போம், நாலு பேரும் சேர்ந்து போவோம் என்று நிஜமாகவே கூப்பிட்டேன். அதற்குள் மூவருக்கும் என் வேலை புரிந்திருந்தது.

“இதுவும் கப்சாதானடா?” என்றார் தேவசகாயம்.

யாரும் வரவில்லை. தனியாகப் போக எனக்கும் தைரியமில்லை. மழைக்கு முன்பே முனிரத்தினம் குடிபாலா ஊரைத் தாண்டி வேலூர்ப் பக்கம் போய்விட்டார்.

போன வாரம் பெங்களூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். ஆபீசில் குறை சொல்ல சர்வே வந்ததாம். பேர் வராது என்கிறார்களாம். “லிங்க் என் மெயிலுக்குத்தானே வந்துது தாத்தா?” என்று எல்லாவற்றுக்கும் சூப்பர் போட்டுவிட்டாளாம்.

பக்கத்து சீட்டில் யார் என்று கேட்டேன். பேசினதில்லை என்றாள்.

அந்த மில்லில் நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே, காந்தம்மா கொண்டுவந்த மாங்காய் ஊறுகாயைத் தினமும் பங்கு போட்டுத் தின்றோம்...