குங்குமம் வைத்த இடம்

மலேசியாவின் கோத்தா திங்கியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, எது புதிதாக வந்தாலும் குங்குமம் வைப்பார். அதனால் அவர் விரல்நுனி எப்போதும் சிவந்தே இருக்கும். எங்கள் புதுக் குளியல் தொட்டியில் குழாய்க்கு ஓட்டை போட நான் பென்சிலால் வைத்த புள்ளிமேலேயே பொட்டு வைத்துவிட்டார். நான் துடைத்ததில் புள்ளியும் போனது.

“அலமாக்! இங்கதான் இருந்துச்சு” என்று விரலை ஊன்றிக்கொண்டார்.

தொட்டி விரிசல் விடுமோ என்று ஏற்கெனவே எனக்குப் பயம்.

“விரல எடுங்கக்கா!”

“எடுத்தா எடம் மாறிடும்லா. நீங்க மெஷின கொண்டாங்க.”

ட்ரில் முனை அவர் நகத்தைத் தொட்டது. பதற்றத்தில் விசையை அழுத்திவிட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது தொட்டியில் ஓட்டை சரியாக விழுந்திருந்தது. அவர் விரல் சிவந்திருந்தது. குங்குமமா, ரத்தமா?

“அடுத்தது எங்க?” என்றார் அக்கா, அதே விரலை நீட்டி.