சோற்றுக்குப் பயந்த வருடம்

கல்லூரிக் கடைசி வருடத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. கல்லூரிக்குப் போகும் சென்னை ரயிலில் இடம் கிடைத்தாலும் கதவருகே நின்றுகொண்டே போவேன். வீட்டில் போன் பேசுவதுபோல மொட்டைமாடியில் நடப்பேன். சாயங்காலம் மலைக்கோயிலுக்குப் படியேறி இறங்குவேன், அடிவாரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு மறுபடி ஏறுவேன். சாமி கும்பிட அல்ல. தின்றதைக் கரைக்க. தின்றதும் அதிகமில்லை.

அதற்கு முந்தைய வருடம் ஒரு காய்ச்சலில் இளைத்துப்போயிருந்தேன். உறவுக் கல்யாணத்தில் பார்த்தவர்களெல்லாம் இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாய் என்றார்கள். இந்தச் சோற்றுப் பயம் அங்கே பிடித்தது.

திருத்தணியில் சாப்பிடாமல் இருக்கக் காரணம் தேட வேண்டியதில்லை. கிருத்திகை, சஷ்டி, செவ்வாய் என்று ஏதாவதொரு விரதம் வந்துவிடும். எங்கள் பெண் ஒரு கிருத்திகைகூட விடமாட்டாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாள். கேட்கும்போதெல்லாம் அங்கிருந்து ஓடிவிடலாமா என்றிருக்கும். மற்றவர்களுடைய விரதம் சாயங்காலம் முடிந்துவிடும். என்னுடையது முடியாது, தட்டின் முன்னால் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கனகம்மாசத்திரத்தில் அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழா. அம்மா முன்னாலேயே போய்விட்டாள். அப்பாவும் நானும் பைக்கில் கிளம்பினோம், அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்குக் கே.ஜி.கண்டிகைப் பக்கம் கொஞ்சம் நிலம், வேர்க்கடலை போடுவார். அதிகம் பேசாத மனிதர். வழியெல்லாம் எனக்குப் பந்தி நினைப்புதான். இலையில் பரிமாறிவிட்டு அத்தை பக்கத்திலேயே நிற்பாள். எதை எங்கே ஒளிப்பது?

"ஏம்மா காலை ஆட்டிகினே வர? வண்டி ஆடுது," என்றார்.

நிறுத்தச் சொன்னேன். ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். அவர் முதுகைப் பார்த்தபடியே, எனக்குச் சாப்பிட முடியவில்லை, விரதமெல்லாம் சாக்கு என்று சொல்லிவிட்டேன்.

"பசிக்கிலியா?"

"பசிக்குது நைனா. சாப்ட பயமா இருக்குது."

அவர் இறங்கி, துண்டை எடுத்து வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது. திரும்பத் திரும்பத் துடைத்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், நின்ற இடத்தில் நிற்காமல், மரத்தைச் சுற்றிக்கொண்டே.

"இது இன்னா நோவுன்னு எனக்குப் புரியல," என்றார் கடைசியில். "நான் இன்னா பண்ணணும், அதச் சொல்லு."

"டாக்டராண்ட போவணும். தனியா போவ பயமா இருக்குது."

"ஆங். போலாம்."

வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். அம்மாவுக்குப் போன் போட்டு, பெண்ணுக்கு உடம்பு முடியவில்லை, நீ இருந்துவிட்டு வா என்று மட்டும் சொன்னார். அம்மா இருக்கவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும், இத்தனை நாளும் சாமியைச் சொல்லி என்னை ஏமாற்றினாயா என்று கேட்டாள். அதன் பிறகு சில நாள் என்னிடம் பேசவே இல்லை.

திருவள்ளூரில் ஒரு மனநல மருத்துவரிடம் நைனா கூட்டிப்போனார். மூன்றாவது முறை போகும்போது அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அங்கே மருத்துவரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் சோறு போட்டதுல எதுனா தப்புங்களா?"

இது யாருடைய தப்பும் இல்லை, நோய், நாளாகும், ஆனால் சரியாகும் என்றார் அவர். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் கல்லூரி விடுமுறை நாட்களில் நைனா மத்தியானமானால் நிலத்திலிருந்து வந்து என்னோடு சாப்பிட உட்கார்ந்தார். ஒவ்வொரு வாயையும் உற்றுப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் விழுங்க முடியவில்லை என்று கத்திவிட்டேன். மறுநாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மோட்டார் பழுதானது, பன்றி கடலைச்செடியைக் கிளறியது என்று பேச ஆரம்பித்தார். வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். அடுத்த கிருத்திகையில் பக்கத்து வீட்டம்மா விசாரித்தபோது, டாக்டர் விரதம் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்று அம்மா வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

இப்போது சென்னையில் வேலைக்குப் போகிறேன். முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். போன வாரம் ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே முடியவில்லை. ஆபீஸ் வராந்தாவில் நடந்துகொண்டே நைனாவைக் கூப்பிட்டு, இன்றைக்கு முடியவில்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

"நானும் இன்னும் சாப்பிடல. போனை வெச்சிடாத," என்றார்.

தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. வேர்க்கடலைக்கு இந்த முறை மழை சரியாகப் பெய்யவில்லை என்று ஆரம்பித்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பாதி டப்பா சாப்பிட்டேன். அன்றைக்கே மருத்துவரிடம் போக நேரம் கேட்டு வாங்கினேன்.