தரிசில் பூட்டிய நல்லேர்

தஞ்சாவூர்ப் பக்கம் யாராவது தரிசு நிலம் என்று சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். தண்ணீர் வராத வருஷம் உண்டு. வேண்டாமென்று போட்டுவைத்த வயல் எங்கே இருக்கிறது? ஆனால் சோலார் திட்டங்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. விளைகிற வயலில் பேனல் போடக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. அதனால் என்னிடம் வருகிற நிலமெல்லாம் தரிசாகவே வரும்.

குடவாசலுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு நிலம் வந்தது. சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். மூன்று வருஷமாக யாரும் அதில் மண்வெட்டி வைக்கவில்லை என்று போனில் சத்தியம் செய்தார். கேட்காமலே சத்தியம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர் அனுப்பிய அடங்கலில், அதாவது கிராமத்துச் சாகுபடிக் கணக்கில், தரிசு என்றுதான் இருந்தது. அதையும் நம்பவில்லை.

சித்திரை வெயிலில் போய் நின்றேன். நிலம் வெடித்துக் கிடந்தது. அந்த மாதத்தில் சுற்றுவட்டார வயலெல்லாம் அப்படித்தான் கிடக்கும். வரப்பில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். புரோக்கராக இருக்கும் என்று எனக்கு எரிச்சல். இங்கே யார் பயிர் வைக்கிறார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்த முகத்துக்குப் பொய் சொல்லவே வரவில்லை.

வடகிழக்கு மூலைக்குப் போனதும் நின்றுவிட்டேன். அங்கே மட்டும் ஏழெட்டுச் சால் உழுதிருந்தது. மண்ணில் மஞ்சள், வாடிய பூ, தேங்காய் நார். நல்லேர் பூட்டியிருக்கிறார்கள். அந்த வருஷம் பயிர் வைக்கப்போகிறவர், சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஓட்டும் முதல் ஏர் அது. தரிசில் எவனும் நல்லேர் பூட்ட மாட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார் சென்னைக்காரர்!

"நல்லேர் பூட்டுனது நீங்கதானே?" என்றேன்.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு மெல்லச் சொன்னார். அப்பா காலத்திலிருந்து அவர்கள்தான் அங்கே குத்தகை. எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இதை விட்டால் குடும்பத்துக்கு வேறு வயல் கிடையாது. யார் வந்து கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடு, வேறு இடத்தில் வயல் தருகிறேன் என்று சொந்தக்காரர் சொல்லிவைத்திருக்கிறார்.

"அவரு பேச்ச மீற முடியல. நாளு வந்தா ஏர் பூட்டாம இருக்கவும் முடியலீங்க மேடம்."

சாகுபடி நிலம், திட்டத்துக்கு ஆகாது என்று அறிக்கை எழுதினேன். அடுத்த வாரம் அதன் நகலை எடுத்துக்கொண்டு நானே குத்தகைக்காரரிடம் போனேன். அவர் நம்பவில்லை. என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கி ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார்.

"இதுல எம் பேரு எங்கங்க இருக்கு?"

இல்லை. பட்டாவில் இல்லை, அடங்கலில் இல்லை, நான் எழுதியதிலும் இல்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் அவர் பெயரை ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. சாகுபடி செய்பவர் என்று கீழே எழுதிவிட்டு, பெயரைக் கேட்டேன். சொன்னார். அப்பா பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். நான் எழுதி முடிக்கும்வரை தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.