செம்புக்காசு எடை குறைந்தால் திட்டு எனக்கு

பழைய செம்புக்காசு வாங்கி விற்கும் தொழிலில் காசைப் படிப்பது சுலபம். அதைக் கொண்டுவருகிறவருக்கு எடையைப் பற்றிப் புரியவைப்பதற்குள்தான் தொண்டைத் தண்ணி வற்றிவிடும்.

வில்லியனூரில் நான் நடத்துவது நோட்டு, பேனா, ஜெராக்ஸ் கடை. கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலையில் பழைய காசுகள், பக்கத்தில் கையகல டிஜிட்டல் தராசு. அந்தத் தராசை வாங்கிய நாளோடு என் நிம்மதி போச்சு. வெள்ளைக்காரன் காலத்துக் காலணா புதிதாக வெளிவந்தபோது ஏறக்குறைய ஆறரை கிராம். நூறு வருஷத்துக்கு மேல் மடியிலும் உண்டியலிலும் மண்ணிலும் கிடந்து வந்த பிறகு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை நிற்கும். கை பட்டுத் தேயும், உப்பு அரிக்கும், இடுப்புக் கயிற்றில் கோக்க ஓட்டை போட்டிருப்பார்கள். சொன்னால் யார் நம்புகிறார்கள்? காய்கறியோ மீனோ நகையோ, எதையாவது நிறுத்துப் பிழைக்கிறவர்களே, என் ஆத்திரம் உங்களுக்குத்தான் புரியும்.

ஆசிட் குளியல்

அரியாங்குப்பத்திலிருந்து தினமும் இந்தப் பக்கம் ஸ்கூட்டரில் வேலைக்கு வருகிறவர் ஒருவர். ஒருநாள் ஒரு காலணா கொண்டுவந்தார். அழகான காசு. தேய்மானம் குறைவு, மேலே காலம் பூசிய பழுப்பு அப்படியே இருந்தது. எடையும் நன்றாக நின்றது. நல்ல விலை சொன்னேன். "வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு நாளைக்கு வரேங்க்கா" என்று எடுத்துப்போனார்.

மறுநாள் வந்தார். காசு ரோஸ் நிறத்தில் பளபளக்கிறது! பளிச்சென்று இருந்தால் கூட விலை தருவேன் என்று, கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, கம்பி நாரால் தேய்த்திருக்கிறார். எழுத்து பாதி காணோம். தராசில் வைத்தேன், நேற்றைவிட எடை குறைவு. "செம்பை ஆசிட் தின்னுடுச்சுங்க, மிச்சத்த நீங்க தேச்சிட்டீங்க" என்றேன். மனிதர் என் தராசைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நேத்து சரியா காட்டுன தராசு இன்னிக்கு இன்னாக்கா கம்மியா காட்டுது? ஒரே ராத்திரில வேற தராசு வாங்கிட்டியா?"

பனித்திட்டுக் காசு

காசு சேகரிக்கிற டவுன்காரர் ஒருவர் கடையில் உட்கார்ந்திருந்தார். எந்தக் காசு எத்தனை கிராம் என்று செல்போனில் வைத்துக்கொண்டு, அதில் புள்ளி மாறினாலும் உதட்டைப் பிதுக்குவார். அப்போது பனித்திட்டிலிருந்து மீன் விற்க வந்த அம்மா, புடவை முந்தியை அவிழ்த்து ஒரு காசை வைத்தார். மழை விட்ட பிறகு கரை மணலில் கிடைத்ததாம். பிரெஞ்சுக்காரன் காலத்துத் துட்டு. ஓரமெல்லாம் அரித்து மெலிந்திருந்தாலும் ஒரு பக்கம் பூவும், மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'யும் படிக்க முடிந்தது.

தராசு காட்டிய எடையைப் பார்த்ததும் டவுன்காரர், "எடை இல்ல. போலி" என்று தீர்ப்பு சொன்னார். அந்த அம்மாவை ஏமாற்றுக்காரி மாதிரி ஏற இறங்கப் பார்க்க வேறு செய்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் காலத்தில் கையால் அடித்த காசு சார், பிறக்கும்போதே ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அதன்மேல் உப்புத்தண்ணி வேறு என்று படபடவென்று சொன்னேன். அவர் செல்போனையே நீட்டினார். அந்த அம்மா கத்தவில்லை. காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அவரைப் பார்த்துச் சொன்னார்: "எங்க ஊர்ல கடலு ஆளுங்களையே முழுசா திருப்பித் தரல சாரு, காச மட்டும் எடை கொறையாம தரணுமா?"

எல்லாம் ஒரே எடை

பைக்கில் வந்த வியாபாரி ஒருவர் ஒரு பை நிறையக் காலணா கொட்டினார். பாகூரில் பழைய வீடு இடித்தபோது கிடைத்தது என்றார். ஒன்றை நிறுத்தேன். அடுத்ததும் அதே எடை. அதற்கடுத்ததும் அதே. நிஜமாகப் புழங்கிய காசுகள் இப்படி ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எல்லாவற்றிலும் ராணியின் மூக்குக்குக் கீழே ஒரே இடத்தில் ஒரே பள்ளம் வேறு! புதிதாக மிஷினில் அடித்து, சாயம் ஏற்றியிருக்கிறார்கள். இதைத்தான் கோயில் வாசலில் வெளியூர்க்காரர்களிடம் விற்கிறார்கள். கெட்ட பெயர் எங்களுக்கு. "எடுத்துகினு கிளம்புங்க" என்றேன். ஆளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "எடை மாறுனா கஸ்டமரு போலின்றான், மாறலன்னா நீ போலின்ற. நான் எப்டிதாம்மா தொழில் பண்றது?"

எடை கூடிய காசு

கடைசியாக நெட்டப்பாக்கத்துப் பெண் ஒருத்தி. கரும்பு வெட்டப் போகிறவள். வரப்பு மண்ணில் ஒரு காலணா கிடைத்திருக்கிறது. போனில் ஏதோ வீடியோ பார்த்து, அதிலிருந்த நம்பருக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறாள். நிறுத்துச் சொல்லச் சொன்னான் அந்த நம்பர்க்காரன். நகைக்கடையில் நிறுத்தால் இருக்கவேண்டியதைவிட எடை அதிகம். "அபூர்வமான காசு, லட்சக்கணக்கில் போகும், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு" என்றிருக்கிறான். அதற்காகக் காதில் இருந்த கம்மலை அடகு வைக்கப் போகும் வழியில், அவன் கேட்ட ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க என்னிடம் வந்தாள்.

காசை வாங்கிப் பார்த்தேன். பச்சைக் களிம்பும் சுண்ணாம்பு மண்ணும் கல்லாக இறுகி ஒட்டியிருந்தன. கூடின எடை அதுதான். ஓரத்தைத் தண்ணீரில் நனைத்து ஈர்க்குச்சியால் நெம்பிக் காட்டினேன். மண் பெயர்ந்து விழுந்தது, தராசில் எண்ணும் இறங்கியது. அவள் முகம் செத்துப்போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அவன் போன் செய்தான். பிடுங்கி, ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேள்வி கேட்டேன். வைத்துவிட்டான். கம்மல் காதிலேயே இருந்தது. அவளை டீ குடிக்கவைத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. "அன்னியிலேந்து அந்த நம்பரு போவவே மாட்டேங்குது. நீ வாய வெச்சிகினு சும்மா இருந்திருந்தா, அவரு இந்நேரம் காச வாங்கிட்டு போயிருப்பாரு."

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்து, ஒரு குன்றிமணி கூடாமல் குறையாமல் நான் பார்த்தது என் தலையில் விழுகிற பழி ஒன்றைத்தான்.